அம்மாவுக்கு நான் ஊட்டிய சீனி

நீரிழிவுள்ள என் அம்மாவுக்கு, சீனி என்று தெரிந்தே, மாதக்கணக்காக மேப்பிள் பாணி ஊற்றிக் கொடுத்தேன். கிளினிக்கில் மருத்துவர் நேரே கேட்டபோது அதை மறைத்தேன். அந்தப் பொய்யை நம்பி மருந்து கூட்டப்பட்டது. கூட்டிய மருந்து ஒருநாள் அம்மாவை வாசலில் நிலைகுலைய வைத்தது. நடந்தது இப்போது அம்மாவுக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும், கனடாவில் இருக்கும் தம்பிக்கும் தெரியும். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் என் குசினியில் நடந்தது தேனின் பெயரிலும் கித்துள் பாணியின் பெயரிலும் சர்க்கரையின் பெயரிலும் எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் என் பங்கை ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு கொக்கட்டிச்சோலையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அம்மா இருந்த வீடு அப்படித்தான் எனக்கு வந்தது. அம்மாவும் என்னோடு இருக்கிறார். வீட்டோடு குசினியும் என் கைக்கு வந்தது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த பிறகு, அவர் எதைத் தின்னலாம், எவ்வளவு தின்னலாம் என்ற அதிகாரமும் சேர்ந்தே வந்தது. நெல் விற்பதிலிருந்து கோயில் காரியம் வரை தானே முடிவெடுத்து வாழ்ந்த மனுசி, ஒரு கரண்டி சீனிக்கு மகளின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று.

அம்மா இனிப்போடு வளர்ந்தவர். காலையில் பிளேன்டிக்கு ஒரு சர்க்கரைத் துண்டைக் கடித்துக்கொள்வார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எருமைத் தயிர்ச் சட்டியைத் திறந்து, கட்டித் தயிரை வெட்டிப்போட்டுத் தேன் ஊற்றுவார். தேன் இல்லாத நாளில் கித்துள் பாணி. தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் புக்கை பானையின் அடியில் கருகிப் பிடித்திருப்பதையும் சுரண்டித் தருவார். எல்லாவற்றையும் நான் நிறுத்தினேன். “ஒள்ளுப்பம் போடு புள்ள” என்று கேட்பார். “ஒண்ணாது அம்மா” என்பேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். மறுப்பவளாகவே இருந்து எனக்குக் களைத்துப்போனது. பெற்ற தாய்க்கு எதையாவது அள்ளிக் கொடுக்கிறவளாக இருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்குள் வளர்ந்தது. அந்த ஏக்கத்தில் பிழையில்லை. அதற்கு நான் தேடிய வழியில்தான் பிழை.

2022இல் நாடு இருந்த இருப்பு எல்லாருக்கும் நினைவிருக்கும். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மா இல்லை, ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. வெளிநாட்டில் சொந்தம் இருந்த வீடுகளுக்கெல்லாம் பெட்டிகள் வந்தன. ரொறன்ரோவில் இருந்து தம்பி அனுப்பிய பெட்டியில் பால்மா, வலி நிவாரணிகள், இவற்றோடு மேப்பிள் இலை வடிவில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருந்தது. உள்ளே இருந்த பாணி தேயிலைச் சாயத்தின் நிறம். மூடியைத் திறந்ததும் கித்துள் பாணிக்கும் கருக்கிய சீனிக்கும் நடுவில் ஒரு வாசம், அதற்குள் விறகின் நெடிபோல ஏதோ ஒன்று. தேனைவிட மெல்லிசாக ஒழுகியது. நாக்கில் பட்டதும் இனிப்பு உடனே வந்தது, தொண்டை அரிக்கவில்லை. எனக்குப் பிடித்துப்போனது.

தம்பி அது எப்படி வருகிறதென்று தொலைபேசியில் சொன்னான். மாரி முடிகிற காலம், மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை, இரவில் உறைபனியும் பகலில் இளகும் வெயிலுமாக இருக்கும் நாட்களில், மேப்பிள் மரத்தில் சிறு துளை போட்டுக் குழாய் செருகுவார்கள். தண்ணீர்போல ஒரு சாறு சொட்டும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்களவுதான் இனிப்பு. ஏறத்தாழ 40 லீட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீட்டர் பாணி. உலகத்தில் விளைவதில் பெரும்பங்கு கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது. வெள்ளைக்காரர் அந்த மண்ணில் கால் வைக்குமுன்பே அங்கிருந்த பூர்வகுடிகள் இந்தச் சாற்றை எடுத்து இனிப்பாக்கப் பழகியிருந்தார்கள்.

இதை நான் அம்மாவுக்குச் சொன்ன விதத்தை இப்போது நினைத்தால் மனம் கூசுகிறது. எங்கள் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கதை ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். தேன் எடுக்கப்போன வேடன் கொக்கட்டி மரத்தில் கோடரி வைத்தானாம். மரத்திலிருந்து இரத்தம் பெருகியதாம். அந்த இடத்தில் லிங்கம் தானாகத் தோன்றியிருந்ததாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவரிடம், “அம்மா, இது மரத்தின் உடம்பிலிருந்து வாறது. ஆலையில் செய்த சீனி இல்லை” என்றேன். அம்மா போத்தலை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். “மரத்துப் பாணியெண்டால் செய்யாதுதானே புள்ள?” என்று கேட்டார். “ஒண்டும் செய்யாது அம்மா” என்றேன். அம்மாவின் பக்தியை என் பொய்க்கு முட்டாகக் கொடுத்தேன்.

பொய் என்று ஏன் சொல்கிறேனென்றால், அந்த நேரம் நான் போத்தலின் பின்பக்கத்தை வாசித்து முடித்திருந்தேன். 60 மில்லி லீட்டரில் 53 கிராம் அளவு சீனி என்று அதில் அச்சிட்டிருந்தது. ஆங்கிலம் எனக்கு வாசிக்கத் தெரியும், கணக்கும் தெரியும். ஒரு மேசைக்கரண்டி பாணியில் 13 கிராம் சீனி. ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். அப்படியென்றால், பிளேன்டிக்கு ஒரு தேக்கரண்டி சீனி மறுத்த நான், ஒரு மேசைக்கரண்டி பாணியை ஊற்றும்போது மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கொடுக்கிறேன். இந்தக் கணக்கு என் மனதில் ஓடியது. ஓடிய உடனே அதை நிறுத்திவிட்டு, போத்தலின் முன்பக்கம் தெரியும்படி அலுமாரியில் திருப்பி வைத்தேன். அந்த ஒரு திருப்பலில்தான் என் குற்றம் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு எனக்குச் சாதகமானதை மட்டும் தேடி வாசித்தேன். உணவு இரத்தத்தில் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதற்கு ஒரு குறியீட்டெண் உண்டு. மேப்பிள் பாணிக்கு 54, சாதாரணச் சீனிக்கு 65 அளவில் என்று கண்டேன். அந்த இரண்டு இலக்கத்தையும் பிடித்துக்கொண்டேன். ஒரே அளவு மாச்சத்தை வைத்து ஒப்பிடும் எண் அது. எவ்வளவு தின்னலாம் என்று அது சொல்லாது என்ற விளக்கமும் அடுத்த வரியிலேயே இருந்தது. அதைத் தாண்டிப் போனேன். மாங்கனீசு இருக்கிறது, ரைபோபிளேவின் இருக்கிறது என்று கண்டதையெல்லாம் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அம்மாவுக்கு மாங்கனீசுக் குறை என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. சாற்றைக் காய்ச்சினால் தண்ணீர் போகும். இனிப்பு அப்படியே நிற்கும். அந்த இனிப்பில் மிகப் பெரும்பங்கு சுக்குரோஸ், கரும்புச் சீனியில் இருப்பதும் அதேதான்.

தம்பியிடம் கேட்டு இன்னும் போத்தல்கள் எடுப்பித்து, கேக் போடத் தொடங்கினேன். வீட்டில் ஒரு சிறிய மின்சாரப் போறணை இருந்தது. ஒரு கோப்பை சீனி போடுமிடத்தில் முக்கால் கோப்பை மேப்பிள் பாணி போதும். பாணியோடு தண்ணீரும் சேர்ந்து வருவதால் பாலில் மூன்று மேசைக்கரண்டி குறைக்க வேண்டும். சீனி போட்ட கேக்கைவிடச் சீக்கிரம் சிவக்கும். சூட்டைப் பதினைந்து பாகை இறக்காவிட்டால் மேல் கருகி நடு வேகாமல் நிற்கும். பட்டரைச் சீனியோடு அடிக்கும்போது ஏறுகிற காற்று பாணியோடு ஏறாது. அதனால் கேக் கொஞ்சம் அடர்த்தியாக, ஈரமாக வரும். இதெல்லாம் செய்து செய்து கைப்பழக்கத்தில் வந்தது. கோதுமை மாவில் பாதியை எடுத்துவிட்டுக் குரக்கன் மா சேர்த்தேன். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் மசித்துப் போட்டேன். குரக்கனின் மண்வாசத்தோடு மேப்பிள் வாசம் சேரும்போது, கித்துள் கருப்பட்டி போட்ட பலகாரத்துக்குக் கிட்ட வரும். வெந்து வந்ததும் மேலே இன்னும் கொஞ்சம் பாணியை ஓடவிடுவேன். சுடச்சுட உறிஞ்சிக்கொள்ளும்.

கேக் நன்றாகத்தான் வந்தது. அதை மறுக்கவில்லை. குரக்கன் என்ற பெயரும் மரத்துப் பாணி என்ற பெயரும் சேர்ந்து, சீனி வருத்தக்காரருக்கென்றே செய்த மருந்துச் சாப்பாடு என்ற தோற்றத்தை அதற்குக் கொடுத்தன. அந்தத் தோற்றத்தை உண்டாக்கினவள் நான். முக்கால் கோப்பைப் பாணியில் ஏறத்தாழ 160 கிராம் சீனி. பன்னிரண்டு துண்டாக வெட்டினால் துண்டுக்கு 13 கிராம். மாவும் வாழைப்பழமும் அதற்கு மேலே. அம்மா காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று தின்பார். தயிருக்கு ஒரு மேசைக்கரண்டி பாணி தனியாக. அம்மாவின் முகம் தெளிந்தது. குசினி வாசலில் வந்து நின்று பழைய கதை பறையத் தொடங்கினார். அந்தச் சந்தோசத்துக்கு நானே காரணம் என்று எனக்குள் ஒரு நிறைவு. அந்த நிறைவை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான் தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொண்டேன்.

ஊரில் வந்த பெயரும் இன்னொரு காரணம். அக்கம்பக்கத்துக்குத் துண்டு துண்டாகக் கொடுத்தனுப்பினேன். கனடாப் பாணியில் கேக் போடுகிறாள் என்ற பேச்சு பரவியது. திருவிழாவுக்கு வந்த சொந்தங்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கும்போது, போத்தலையும் பக்கத்தில் வைத்தேன். சீனி வருத்தமுள்ள இரண்டு மூன்று பேர் தயங்கினார்கள். “இது செய்யாது, அம்மாவே தின்றாவு” என்று அவர்களுக்கும் கொடுத்தேன். அம்மாவின் உடம்பைச் சாட்சியாக வைத்து மற்றவர்களையும் தின்ன வைத்தேன். இதை எழுதும்போதுதான் அதன் கனம் முழுவதும் தெரிகிறது.

மாதங்கள் போயின. கிளினிக்குக்கு முதல்நாள் சாப்பிடாமல் இரத்தம் கொடுத்த அறிக்கையில், முன்பு 130 அளவில் நின்ற அம்மாவின் சீனி 210ஐத் தாண்டியிருந்தது. மருத்துவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சாப்பாட்டில் ஏதும் மாற்றம் செய்தீர்களா? இனிப்பு ஏதும் கூடியதா?” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். “இல்லை டொக்டர். வீட்டில் சீனியே பாவிக்கிறதில்லை” என்றேன். சீனி என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு பொய் சொன்னேன். அம்மா வாய் திறக்கவில்லை. மகள் சொல்லிவிட்டாள், இனி அதற்கு மாறாகப் பேசக்கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். பிறகு அவரே சொன்னார்.

மருத்துவர் தன் கடமையைச் செய்தார். கட்டுப்பாடான சாப்பாட்டிலேயே சீனி இவ்வளவு ஏறியிருக்கிறதென்றால் மருந்து போதவில்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். இன்சுலினைச் சுரக்கத் தூண்டுகிற குளிசையின் அளவைக் கூட்டி எழுதினார். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தவறவிடக்கூடாது என்றும் சொல்லியனுப்பினார். வாவியைக் கடந்து மண்முனைப் பாலத்தால் பேருந்தில் திரும்பும்போது, மருந்து கூடியதால் இனிப் பயமில்லை, கேக்கை நிறுத்தத் தேவையில்லை என்ற ஒரு நிம்மதிகூட எனக்கு வந்தது. எவ்வளவு தூரம் போயிருந்தேன் என்பதற்கு அந்த நிம்மதி ஒன்றே சாட்சி.

பிறகு இருந்த போத்தல்களெல்லாம் முடிந்தன. அடுத்த பெட்டி வரப் பிந்தியது. கேக்கும் நின்றது, தயிருக்குப் பாணியும் நின்றது. கூட்டிய குளிசை மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் குளிசையைப் போட்டுக்கொண்ட அம்மா, பசியில்லை என்று ஒரு இடியப்பத்தோடு எழும்பிவிட்டார். வாசல் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றை விட்டுவிட்டு மாமரத்தைப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். சட்டை நனைய வேர்த்திருந்தது. கை நடுங்கியது. என் பெயரைச் சொல்ல முயன்றார், நாக்குக் குழறியது. வீட்டிலிருந்த சீனி பார்க்கும் சிறிய கருவியில் விரலைக் குத்திப் பார்த்தேன்: 56. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே சீனி கொடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லித் தந்திருந்தார்கள். தண்ணீரில் நான்கு தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துப் பருக்கினேன். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் பார்த்தபோது நூறுக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு சோறு கொடுத்தேன்.

என் பொய்தான் அம்மாவை அந்த மாமரத்தடிக்குக் கொண்டுவந்தது. மருத்துவர் கணக்குப் போட்டது நான் கொடுத்த பிழையான தரவை வைத்து. அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பாணியும் சீனிதான் என்று எனக்கு முதல்நாளே தெரியும் என்றேன். போத்தலைத் திருப்பி வைத்ததையும் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கேட்டது இது: “என்னட்டச் சொல்லியிருந்தால் நானே ஒள்ளுப்பம் திண்டுபோட்டு நிப்பாட்டியிருப்பன்தானே? ஏன் புள்ள என்னைச் சின்னப்புள்ளயாக்கினாய்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சீனியை மறுத்த நாட்களிலும் பாணியை ஊற்றிய நாட்களிலும் நான் செய்தது ஒன்றுதான். அம்மாவின் உடம்பைப் பற்றி அம்மாவிடம் கேட்காமல் நான் முடிவெடுத்தேன். முன்பு கண்டிப்பால் அவரை ஆண்டேன், பிறகு இனிப்பால் ஆண்டேன். இரண்டு தடவையும் அளவு எவ்வளவு என்ற உண்மை என்னிடமே இருந்தது.

அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்காமல் அம்மாவோடு போய் மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டு குளிசையைக் குறைத்தார். கேக் கொடுத்த சொந்தங்களுக்கும் அழைத்துச் சொன்னேன். ஒருவர் என்னோடு சில மாதம் பேசவில்லை. அது நியாயம்.

இந்த மண்ணில் இனிப்புக்குக் குறைவில்லை. தேனும் தயிரும் படுவான்கரையின் பெருமை. அந்தப் பெருமையே எங்களை ஏமாற்றவும் செய்கிறது. “தேன் என்றால் சீனி ஏறாது”, “கித்துள் பாணி உடம்புக்குக் குளிர்மை”, “சர்க்கரை மருந்து” என்று சொல்லாத வீடு குறைவு. தேனில் நூற்றுக்கு எண்பது பங்கு அளவில் இனிப்புச்சத்து. கித்துள் பாணி பூச்சாற்றைக் காய்ச்சி வற்றவைத்தது. மேப்பிள் பாணிபோலவே அதுவும் பெரும்பாலும் சுக்குரோஸ். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சீனியைக் குறைக்கச் சொல்லி வெளியிட்ட வழிகாட்டலில், நாம் சேர்க்கிற சீனியோடு தேனையும் பாணிகளையும் பழச்சாற்றையும் ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது. நம் நாட்டில் 2016 முதல் இனிப்புப் பானங்களின் போத்தல்களில் நிறக்குறி இருக்கிறது. 100 மில்லி லீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்தச் சிவப்பைக் கண்டு சோடாப் போத்தலை அம்மாவிடமிருந்து பறித்தவள் நான். அதே அளவு மேப்பிள் பாணியில் இருந்தது 88 கிராம்.

மேப்பிள் பாணியை நான் வெறுக்கவில்லை. அது நல்ல பொருள். கேக்கில் வேறெதுவும் தராத வாசத்தைத் தருகிறது. தம்பி மறுபடியும் அனுப்பினான். இப்போது அதன் முன்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்: “ஒரு மேசைக்கரண்டி = மூன்று தேக்கரண்டி சீனி”. தேன் போத்தலிலும் சர்க்கரை டப்பாவிலும் அதனதன் கணக்கை எழுதி ஒட்டியாயிற்று. திறந்த போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. தேனைவிட அதில் தண்ணீர் கூட, வெளியில் வைத்தால் எங்கள் வெக்கைக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். கேக் எப்போதாவதுதான் போடுகிறேன், பாணியைப் பாதியாக்கி. துண்டு எவ்வளவு என்று வெட்டுவது அம்மா. புக்கை தின்கிற நாளில் சோற்றைக் குறைப்பதும் அவரே. சில நாள் நான் நினைத்ததைவிடப் பெரிய துண்டாக வெட்டுகிறார். அன்று பின்னேரம் தானே விரலைக் குத்திப் பார்த்து, கொப்பியில் எழுதச் சொல்கிறார். வருகிற இலக்கத்தை நான் அப்படியே எழுதுகிறேன்.

சீனி வருத்தமுள்ள ஒருவருக்குச் சமைக்கிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். நீங்கள் ஊற்றுவது எந்த மரத்திலிருந்து, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். அதோடு அது எத்தனை கரண்டி சீனி என்பதையும் தின்கிறவரிடம் சொல்லுங்கள். மருத்துவர் கேட்டால் தின்றதைத் தின்றதாகச் சொல்லுங்கள். அன்புக்காகச் செய்தேன் என்று நானும் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் அந்த அன்பில் இருக்கவில்லை. அது என் குறை. அதற்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். என் சொல்லை நம்பித் தின்ற மற்றவர்களிடமும் இங்கே கேட்கிறேன்.